தன்மோகம் உள்ளவருக்குத் தெரபி பலிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மனநல ஆலோசகர். பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கல்லூரியில் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினாலும், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தாலும், யாராவது ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்பது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். வீட்டில் ஒருவர் இருக்கிறார். எப்போதும் அவர் சொல்வதே சரி. சின்னதாக ஒரு குறை சொன்னால் வெடிக்கிறார், இல்லையென்றால் நாள்கணக்கில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவருக்குத் தெரபி உதவுமா? சில சமயம் கேட்கிறவரே அந்த ஆளாகவும் இருப்பார். கேள்விகளை அவரவர் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். உதாரணங்களில் வருகிறவர்கள் பலரைக் கலந்து உருவாக்கியவர்கள்.

1. நார்சிசிஸ்ட்னா என்ன, சுயநலக்காரன்னு அர்த்தமா?

இல்லை. தன்மோகம் என்றும் நார்சிசம் என்றும் சொல்கிற இந்தக் குணத்தின் மையம் வேறு. தன் மதிப்பைத் தனக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ள முடியாமல், பிறர் தரும் பாராட்டிலிருந்து தினமும் வாங்கிக்கொள்ள வேண்டியிருப்பதுதான் அது. ஊற்று வற்றிய கிணறு உள்ள வீடு மாதிரி. தினமும் தண்ணீர் லாரி வந்தாக வேண்டும், வராத நாளில் வீடே ரணகளம். தனக்கு மட்டும் தனிச் சலுகை வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, விமர்சனம் தாங்காமை, அடுத்தவர் வலியைக் கவனிக்க முடியாமை, பொறாமை எல்லாம் அந்த வறட்சியிலிருந்து வருகிறவை.

கொஞ்சம் தன்மோகம் எல்லோருக்கும் உண்டு. அதை நோய் என்று சொல்ல முடியாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில்தான் இது ஆளுமைக் கோளாறாக முதலில் இடம்பெற்றது. இப்போதைய பதிப்பில் ஒன்பது அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றில் குறைந்தது ஐந்து நீண்ட காலமாக இருந்து, வேலையையோ உறவையோ கெடுத்தால்தான் கோளாறு. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் இந்தத் தனிப்பெயரையே விட்டுவிட்டது. ஆளுமைச் சிக்கல் லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்றுதான் முதலில் பார்க்கிறது. எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. பெயர் சூட்டுவதைவிட எவ்வளவு கஷ்டம் என்று கேட்பது மனிதரை மனிதராக வைத்திருக்கிறது.

2. இவங்க தெரபி பக்கமே வர மாட்டாங்கன்னு சொல்றாங்களே?

வருகிறார்கள். ஆனால் "எனக்குத் தன்மோகம் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. வேலை போயிருக்கும், மனைவி பெட்டியைக் கட்டியிருப்பார், பதவி உயர்வு ஜூனியருக்குப் போயிருக்கும். தூக்கமில்லை, மனச்சோர்வு, குடி கூடிவிட்டது என்று வருவார்கள். எல்லாம் நன்றாகப் போகும்போது இந்தக் குணம் வலிப்பதில்லை. வலி சுற்றியிருப்பவர்களுக்குத்தான். அதனால் வருவதற்குத் தாமதமாகிறது.

3. எங்க அக்கா எப்பவும் அழுதுட்டே இருப்பா, தன்னை மட்டமாத்தான் பேசுவா. அவளைப் போய் கவுன்சலர் நார்சிசம்னு சொல்றாங்க. எப்படிப் பொருந்தும்?

பொருந்தக்கூடியதுதான். அமெரிக்க உளவியலாளர் பால் விங்க் 1991-இல் இதற்கு இரண்டு முகம் இருப்பதைக் காட்டினார். ஒன்று நமக்குத் தெரிந்த முகம்: மார் தட்டுவது, அதிகாரம், சபை நடுவே இருக்க வேண்டும் என்ற ஆசை. மற்றது ஒளிந்த முகம்: சட்டென்று காயப்படுவது, ஒதுங்குவது, "யாரும் என்னைப் புரிந்துகொள்ளவில்லை" என்ற தீராத மனக்குறை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். நான் தனி ரகம், அதற்குரிய மரியாதை கிடைக்கவில்லை.

ஒரே ஆளிடம் இரண்டும் மாறி மாறி வரும். தெரபியில் இது முக்கியம். பெரும்பாலும் ஒளிந்த முகத்தோடுதான் வருவார்கள். ஆலோசகர் மனச்சோர்வை மட்டும் பார்த்து அதற்கு மட்டும் சிகிச்சை கொடுப்பார். ஆறு வாரத்தில் மனம் கொஞ்சம் தேறும், மார் தட்டும் முகம் திரும்பும், "எனக்கு ஒன்றுமில்லை" என்று போய்விடுவார். அடுத்த அடி விழும்போது வேறொரு ஆலோசகரிடம் முதலிலிருந்து தொடங்கும்.

4. சுத்தி வளைக்காம சொல்லுங்க. பலிக்குமா, பலிக்காதா?

தங்கினால் பலிக்கும். மற்றவர்களைவிட மெதுவாக.

இந்தக் குணத்தைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது, பாதியில் நின்றுவிடுகிறவர்கள் இவர்களில் அதிகம் என்பது. கனடாவில் மனநலச் சிகிச்சைக்கு வந்தவர்களைப் பார்த்து 2009-இல் வெளியான ஆய்வும் அதையே சொன்னது. ஆக, "மாறவே மாட்டார்கள்" என்று ஊரில் சொல்வதும் "தங்க மாட்டார்கள்" என்று சொல்வதும் ஒன்றல்ல. முதலாவது தலையெழுத்து மாதிரி ஒலிக்கிறது. இரண்டாவது வேலை செய்ய இடம் உள்ள பிரச்சினை. இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம் இந்த வித்தியாசத்தைச் சுற்றியே வரும்.

5. சரி, ஏன் பாதியிலேயே விட்டுட்டுப் போறாங்க? திமிரா?

வெளியே திமிராகத் தெரியும். உள்ளே இருப்பது அவமானம். தெரபியை அவர் பக்கமிருந்து பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து "எனக்கு முடியவில்லை, உதவுங்கள்" என்று சொல்ல வேண்டும். சாதாரண ஆளுக்கே இது கூச்சம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கியது. இத்தனை காலத்துக்கு அப்புறமும் "கீழ்ப்பாக்கம்" என்பது தமிழ்நாட்டில் ஒரு வசவுச் சொல். பாராட்டு இருந்தால்தான் மூச்சு விட முடியும் என்று வளர்ந்தவருக்கு அந்த நாற்காலியில் உட்காருவதே பெரிய தோல்வி. அந்த வெட்கத்தை அவரால் வெட்கமாக உணர முடியாது, கணத்தில் கோபமாகவோ இளக்காரமாகவோ மாறிவிடும். "இந்த ஆளுக்கு என்ன தெரியும்?" என்ற நினைப்பு வரும்போது உள்ளே ஏதோ குத்தியிருக்கிறது என்று அர்த்தம்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் சொன்ன ஒரு விஷயம் எங்கள் தொழிலில் அடிப்படைப் பாடம். தெரபி நிற்பது மூன்று கால்களில்: எங்கே போகிறோம் என்பதில் ஒப்புதல், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் ஒப்புதல், இருவருக்கும் இடையே ஒரு பிணைப்பு. தன்மோகம் மூன்றையும் ஆட்டும். மனைவி மாற வேண்டும் என்பது அவர் குறிக்கோள், அவரே தன்னைப் பார்க்க வேண்டும் என்பது ஆலோசகருடையது. வீட்டில் எழுதிப் பார்க்கச் சொன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நடத்துகிறார்கள் என்று படும். பிணைப்பு முதலில் அமோகமாக இருக்கும். "உங்களை மாதிரி யாரும் என்னைப் புரிந்துகொண்டதில்லை" என்பார். அந்தப் பீடம் உயரமானது. ஆலோசகர் ஒரு நாள் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், போன வாரம் சொன்ன ஒரு பெயரை மறந்தால், கொட்டாவியை அடக்கினால் போதும், பீடம் சரியும்.

நடுத்தர வயதுத் தொழிலதிபர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழாவது செஷனில் அப்பாவைப் பற்றிப் பேசும்போது முதன்முறையாக அழுகிறார். ஆலோசகருக்கு மகிழ்ச்சி, கதவு திறந்துவிட்டது என்று. அடுத்த வாரம் அவர் வரவில்லை, போனும் எடுப்பதில்லை. அழுததைப் பார்த்துவிட்டார்களே என்ற கூச்சம் அவரைக் கொண்டுபோய்விட்டது. நல்ல செஷனுக்கு மறுநாளே உறவு அறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் இப்போதெல்லாம் அப்படிப்பட்ட நாளில், எழுவதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன்: "இன்றைக்கு இவ்வளவு சொல்லிவிட்டோமே என்று வீட்டுக்குப் போனதும் சங்கடமாக இருக்குமா?"

6. அந்த ஆளே நான்தான். நாலு செஷன் போனேன். அவங்களைவிட எனக்கே அதிகம் தெரியும்னு தோணுச்சு, நிறுத்திட்டேன். நான் செஞ்சது தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். உங்கள் கணிப்பு சரியாகவும் இருக்கலாம், திறமை குறைந்த ஆலோசகர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒன்றே ஒன்றை யோசித்துப் பாருங்கள். "இவங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்ற எண்ணம் எந்த நிமிடத்தில் வந்தது? அதற்குச் சற்று முன்னால் அவர் என்ன சொன்னார்? உங்களைச் சுருக்கென்று குத்திய ஒரு வாக்கியம் அங்கே இருந்தால், நீங்கள் விட்டு வந்தது அந்த வாக்கியத்தை.

முடிந்தால் ஒரே ஒரு முறை திரும்பிப் போய் அதைச் சொல்லுங்கள்: "அன்றைக்கு நீங்கள் அப்படிச் சொன்னது எனக்கு அவமானமாக இருந்தது." ஜெரமி சஃப்ரான், கிறிஸ்டபர் மியூரன் என்ற இரு உளவியலாளர்கள் பல வருடங்கள் ஆராய்ந்தது இதைத்தான். தெரபியில் விரிசல் வருவது இயல்பு. அதை இருவரும் உட்கார்ந்து பேசிச் சரிசெய்வதே சிகிச்சையின் பெரிய பங்கு. உறவு விரிசல் விட்டால் முடிந்தது என்றே வாழ்ந்தவருக்கு, விரிந்தது மறுபடி ஒட்டுவதைப் பார்ப்பது புதிய அனுபவம். ஆலோசகர் அதைக் கேட்டுத் தன் பங்கை ஒப்புக்கொண்டால் அவரிடம் தங்குங்கள். உங்கள் மேலேயே பழியைப் போட்டால் வேறொருவரைத் தேடலாம்.

7. தட்டிக்கொடுக்கிற தெரபிஸ்ட் நல்லவரா, முகத்துக்கு நேரா சொல்றவரா?

இது ஐம்பது வருடச் சண்டை. ஒரு பக்கம் ஹெய்ன்ஸ் கோஹுட், இன்னொரு பக்கம் ஓட்டோ கெர்ன்பெர்க். இருவரும் வியன்னாவில் பிறந்த மனநல மருத்துவர்கள், நாஜிகளிடமிருந்து தப்பி வெளியேறியவர்கள். ஒருவர் சிகாகோ போனார், மற்றவர் சிலி வழியாக அமெரிக்கா வந்தார். அதுவரை, தன்மோகத்தில் மூழ்கியவர்கள் வைத்தியரோடு பிணைப்பே கொள்ள மாட்டார்கள், அதனால் ஆழ்மனதைப் பேச்சால் தேடும் உளப்பகுப்பாய்வு அவர்களிடம் எடுபடாது என்ற பிராய்டின் கருத்து ஓங்கியிருந்தது. கோஹுட் 1971-இல் எழுதியது: இவர்கள் குழந்தையாக இருந்தபோது யாரும் கண்ணில் ஒளியோடு பார்க்கவில்லை. அந்தப் பசிதான் இப்போது பாராட்டுக் கேட்கிறது. அதை அவசரப்பட்டு உடைக்காதீர்கள், புரிந்துகொள்ளுங்கள். கெர்ன்பெர்க் 1975-இல் எழுதியது: அந்தப் பெருமிதத்தின் அடியில் பொறாமையும் ஆத்திரமும் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பேசாவிட்டால் தெரபி பாராட்டு மன்றமாக ஆகிவிடும்.

என் அனுபவத்தில் இது எதை முதலில் செய்வது என்ற விஷயம். முதல் சில மாதங்கள் கோஹுட் சொன்னபடி கேட்டால்தான் அவர் தங்குவார். ஒரு வருடம் ஆகியும் கெர்ன்பெர்க் சொன்னதைத் தொடாவிட்டால் எதுவும் மாறாது. எப்போதும் தட்டிக்கொடுக்கிறவர் முதல் கேள்வியில் சொன்ன தண்ணீர் லாரியைத்தான் ஓட்டுகிறார், மாறுதல் இருக்காது. முதல் நாளே முகத்திலடிக்கிறவருக்கு இரண்டாம் நாள் ஆளே வராது.

8. இதுக்குன்னு தனியா தெரபி இருக்கா? மாத்திரை இருக்கா?

தன்மோகத்துக்கென்று மாத்திரை கிடையாது. கூட வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மனநல மருத்துவர் மருந்து தருவார், அது தேவையான உதவிதான். பேச்சு முறைகளில் கெர்ன்பெர்க் வழியில் வந்த சிகிச்சையும், தன் மனதையும் பிறர் மனதையும் ஊகிக்கப் பழக்கும் சிகிச்சையும், சின்ன வயதில் பதிந்துபோன எண்ணங்களை மாற்றப் பார்க்கும், ஜெஃப்ரி யங் உருவாக்கிய ஸ்கீமா தெரபியும் பயன்படுத்தப்படுகின்றன. நெதர்லாந்தில் ஆளுமைக் கோளாறு உள்ள 323 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையைவிட ஸ்கீமா தெரபியில் தேறியவர்கள் அதிகம், விட்டுப் போனவர்கள் குறைவு. ஆனால் அதில் தன்மோகக் கோளாறு உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான், அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. எந்த முறையானாலும் பத்துப் பன்னிரண்டு செஷனில் முடியாது. ஒன்றிரண்டு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. "உங்களுக்கு நார்சிசம், டாக்டரைப் பாருங்க"ன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடவா?

வேண்டாம். ஐந்தாம் பதிலைப் படித்திருந்தால் ஏன் என்று புரியும். அந்த வார்த்தை இன்று வசவாகிவிட்டது. அவர் அதை அப்படித்தான் வாங்கிக்கொள்வார், கதவு இன்னும் இறுகும். அவருக்கே வலிக்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள். "ராத்திரி தூங்காமல் நடக்கிறீர்களே, பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஒருவரைப் பார்த்துவிட்டு வரலாமா?" இதில் பொய் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை.

வயது வந்தவரைக் கட்டாயப்படுத்தித் தெரபியில் உட்கார வைக்க வழியில்லை. 2017-ஆம் ஆண்டின் இந்திய மனநலச் சட்டம் கட்டாய அனுமதிக்குக் கடுமையான நிபந்தனைகள் வைத்திருக்கிறது. உடம்பு உட்கார்ந்தாலும் மனசு உட்காராது. அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். எவ்வளவு தூரம் பொறுப்பது, எங்கே நிறுத்துவது என்று உங்களுக்கும் பேச ஓர் இடம் வேண்டும்.

10. ரெண்டு பேருமா போனோம். தெரபிஸ்ட்டையே பேச்சில மயக்கிட்டார். கடைசியில நான்தான் கெட்டவளா ஆனேன்.

இதைச் சொல்லும்போது பெண்கள் முகத்தில் தெரியும் களைப்பு எனக்கு நன்றாகப் பழக்கம். நடக்கக்கூடியதுதான். நன்றாகப் பேசுகிறவர் முதல் சந்திப்பில் எல்லோரையும் கவர்ந்துவிடுவார், ஆலோசகரும் மனிதர்தான். இருவரையும் தனித்தனியாகவும் ஒரு முறை பார்க்கும் ஆலோசகரைத் தேடுங்கள்.

அடி, மிரட்டல், காசைப் பிடுங்கி வைத்துக்கொள்வது இருந்தால் ஜோடியாகப் போகவே வேண்டாம். அங்கே நீங்கள் மனம் திறந்து பேசியதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். முதலில் உங்கள் பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181.

11. தெரபிக்குப் போறார். ஆனா அங்க கத்துக்கிட்ட வார்த்தையை வெச்சே என்னைக் குத்துறார். "நீ என் எல்லையை மீறுற, நீ டாக்சிக்"ங்கிறார். இது முன்னேற்றமா?

இன்னும் இல்லை. புது மொழி சீக்கிரம் கிடைத்துவிடும், புத்திசாலிகளுக்கு இன்னும் சீக்கிரம். ஏழாவது பதிலில் சொன்ன பாராட்டு மன்றமாகத் தெரபி ஆகிவிட்டதற்கும் இது அறிகுறியாக இருக்கலாம். ஆலோசகர் கேட்பது அவர் சொல்லும் கதையை மட்டும்தானே. அவர் சம்மதித்தால் நீங்களும் ஒரு செஷனில் உட்காரலாம்.

உண்மையான மாற்றம் பேச்சில் முதலில் தெரியாது. சின்ன விஷயங்களில் தெரியும். "மன்னிச்சுக்கோ" என்பதற்குப் பிறகு "ஆனா" வராது. சண்டைக்குப் பின் பேசாமல் இருக்கும் நாட்கள் ஐந்திலிருந்து இரண்டாகும். நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும்போது அவர் வேலைப் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "கஞ்சி குடிச்சியா?" என்று கேட்பார். எனக்கு மிக நம்பிக்கை தருவது வேறொன்று: இன்னொருவர் ஜெயித்ததை வீட்டில் வந்து சாதாரணமாகச் சொல்வது.

12. நான் புதுசா வேலைக்கு வந்த கவுன்சலர். இப்படி ஒருத்தர் வர்ற நாள்னாலே எனக்கு வயித்தைக் கலக்குது. நான் லாயக்கில்லையோ?

லாயக்கானவர்தான். அமெரிக்காவில் 181 மனநல மருத்துவர்களையும் உளவியலாளர்களையும் கேட்டு 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்குச் சிகிச்சை தரும்போது எழும் உணர்வுகளாக அவர்கள் சொன்னவை: எரிச்சல், பயம், மட்டம் தட்டப்பட்ட உணர்வு, கவனம் சிதறுவது, எப்போது முடியும் என்ற ஏக்கம். அனுபவசாலிகளே சொன்னது இது.

அந்த உணர்வு உங்களுக்கு ஒரு தகவல். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் உணரும் சிறுமையைத்தான் அவர் வீட்டிலுள்ளவர்கள் நாளெல்லாம் உணர்கிறார்கள். அவரும் சின்ன வயதில் யாரிடமோ அதை உணர்ந்திருப்பார். ஆபத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. பயந்துபோய் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது ஒன்று. பொறுத்துப் பொறுத்து ஒரு நாள் "உண்மையைச் சொல்கிறேன்" என்று திருப்பி அடித்துவிடுவது இன்னொன்று. இரண்டும் ஆளை இழக்க வைக்கும். மூத்த ஆலோசகர் ஒருவரிடம் மாதம் இரண்டு முறையாவது இந்தக் கேஸைப் பேசுங்கள். எனக்கு முதல் மூன்று வருடங்களில் அப்படி ஆள் இல்லை. அந்தக் காலத்தில் விட்டுப் போனவர்களில் சிலரை நான் தங்க வைத்திருக்க முடியும் என்று இப்போது தெரிகிறது, அது வருத்தமாக இருக்கிறது.

13. தெரபிஸ்ட்டுக்கே அந்தக் குணம் இருந்தா?

விலகுங்கள். செஷனில் தன் சாதனையையே பேசுகிறவர், நீங்கள் மறுத்துச் சொன்னால் முகம் சுருங்குகிறவர், வேறு டாக்டரிடம் போகக் கூடாது என்கிறவர் உங்களுக்கு உதவ மாட்டார்.

14. கோபம் வந்தா செத்துடுவேன்னு சொல்றார். எல்லாம் நாடகம்தானே?

நாடகம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் கெஞ்சிக் கேட்பது இதை ஒன்றைத்தான். பாஸ்டனில் பல வருடங்கள் இவர்களுக்குச் சிகிச்சை அளித்த எல்சா ரோனிங்ஸ்டாம் எழுதியிருக்கிறார்: இவர்களில் சிலர் மனச்சோர்வின் அடையாளம் எதுவும் காட்டாமலே தற்கொலைக்குப் போய்விடுவார்கள். பதவி போவது, வழக்கு, கடன், விவாகரத்து என்று ஊர் முன்னால் தலைகுனிய வைக்கும் நிகழ்வு ஒன்றே போதும். கோபத்தில் சொல்வதையும் கேளுங்கள், அப்படி ஒரு நிகழ்வுக்குப் பின் வரும் அமைதியையும் கவனியுங்கள்.

"சாகத் தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அவரைத் தனியாக விடாமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

15. வயசானா தானா அடங்கிடுமா? நிஜமாவே மாறினவங்க உண்டா?

வயதோடு கொஞ்சம் குறைகிறது. பல நாடுகளின் தொடர் ஆய்வுகளைச் சேர்த்து 2024-இல் வெளியான அலசல் ஒன்று, சிறு வயதிலிருந்து முதுமை வரை தன்மோகம் மெல்ல இறங்குவதைக் காட்டியது. ஆனால் தன் வயதுக்காரர்களில் அதிகம் இருந்தவர் பெரும்பாலும் பின்னாலும் அதிகமாகவே இருக்கிறார். அறுபது வயது வரை காத்திருங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மாறினவர்கள் உண்டு. ரோனிங்ஸ்டாமும் கூட்டாளிகளும் தன்மோகம் கடுமையாக இருந்த 20 பேரை மூன்று வருடம் கழித்துப் பார்த்து 1995-இல் எழுதினார்கள். 60 சதவீதம் பேரிடம் நல்ல குறைவு தெரிந்தது. அவர்கள் வாழ்க்கையில் நடந்தவற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: கற்பனைப் பெருமையின் இடத்தில் உட்கார்ந்த ஓர் உண்மையான சாதனை, நீடித்து நின்ற ஓர் உறவு, தாங்கிக்கொள்ள முடிந்த ஏமாற்றம். இந்தக் கடைசிச் சொல் எனக்கு மிகவும் முக்கியம். நொறுக்குகிற ஏமாற்றம் ஆளை இன்னும் இறுக்கிவிடும். பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது வருகிற, அளவான ஏமாற்றம் அவரைத் தரைக்கு இறக்குகிறது. தெரபி அறைக்குள் நாங்கள் செய்யப் பார்ப்பதும் அந்த அளவைத்தான்.

16. சரி, போகலாம்னு முடிவு பண்ணிட்டேன். முதல் நாள் என்ன சொல்லணும்?

முறையாகப் படித்துப் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவு ஒரு தடையாக வேண்டாம். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இதைச் சொன்னால் போதும்: "யாராவது குறை சொன்னால் எனக்குத் தாங்காது. உங்கள் மேலும் ஒரு நாள் கோபம் வரும், சொல்லாமல் நின்றுவிடுவேன். அப்படி நான் வராமல் போனால் ஒரே ஒரு தடவை எனக்குப் போன் பண்ணுங்கள்."